சீவிய உரித்து வைத்த வீடுகள்

யாழ்ப்பாணத்து நாளிதழ்களில் மரண அறிவித்தல்களை வாசிப்பவர்களுக்கு ஒரு விடயம் பழகிப்போயிருக்கும். காலமானவரின் பெயரும் பிறந்த ஊரும் மேலே இருக்கும். கீழே பிள்ளைகளின் பெயர்கள் வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு இருக்கும்: கனடா, லண்டன், சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி, அவுஸ்திரேலியா. சிலவேளை எல்லாப் பெயர்களையும் பார்த்து முடித்தாலும் ‘இலங்கை’ என்ற சொல் அகப்படாது. அந்த அறிவித்தல்களில் ஒருபோதும் அச்சாகாத ஒரு விபரம் உண்டு. கடைசி ஐந்தாண்டோ பத்தாண்டோ அந்த மனிதரை யார் குளிப்பாட்டினார்கள், யார் வேளைக்கு மருந்து கொடுத்தார்கள், இரவில் கூப்பிட்டால் யார் எழுந்து வந்தார்கள் என்பதே அது.

முதியோர் பராமரிப்பு என்ற பேச்சு எழும்போது நம்மவரிடையே இரண்டு வசனங்கள் தவறாமல் வரும். ‘முதியோர் இல்லம் வெள்ளைக்காரனின் வழக்கம்’ என்பது ஒன்று. ‘தாய் தகப்பனைக் கைவிடாத இனம் நாங்கள்’ என்பது மற்றது. மேடைகளில் இவை கைதட்டல் வாங்கும். படுக்கையில் விழுந்துவிட்ட ஒரு தாயை இன்றிரவு யார் புரட்டிப் படுக்கவைப்பது என்ற கேள்விக்கு இவற்றில் விடை கிடையாது. வரலாற்றைப் பார்த்தாலும் இந்த வசனங்கள் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. முதுமையில் ஒருவரைப் பராமரிப்பது எந்தச் சமூகத்திலும் பாசத்தை மட்டும் நம்பி நடந்ததில்லை. ஒருவர் எதையோ கொடுக்க, அதற்கு ஈடாக இன்னொருவர் பொறுப்பேற்கும் உடன்படிக்கையாகவே அது பெரும்பாலும் இருந்துவந்திருக்கிறது. உடன்படிக்கை தெளிவாக இருந்த இடத்தில் முதியவர் மரியாதையோடு வாழ்ந்தார். தெளிவில்லாத இடத்தில் பிறரது இரக்கத்தை எதிர்பார்த்திருந்தார்.

இதனை நமது தேசவழமையிலிருந்தே தொடங்கலாம். யாழ்ப்பாணத்து மக்களின் வழக்காறுகளைத் தொகுக்கும்படி ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் பணித்ததன் பேரில், அங்கு நீண்டகாலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அவற்றை எழுதி 1707ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கையளித்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதற்குச் சட்டவலுக் கொடுத்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்த சட்டமாகவே இதனைப் பலரும் அறிவர். அதில் முதுமை பற்றியும் ஒரு பகுதி உண்டு என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

வயது முதிர்ந்து தமது தேட்டத்தைத் தாமே நிர்வகிக்க இயலாத பெற்றோர், ஆயுள் முழுவதும் தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதனை ஆண்மக்களிடம் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தை அப்பகுதி பதிவுசெய்கிறது. அத்தோடு நின்றுவிடாமல், சொத்துக் கைமாறிய பின்னர் பிள்ளைகள் சொன்னபடி நடக்காமல் பெற்றோர் ஏமாந்துபோவதும் உண்டு என்று அது சொல்லிவைக்கிறது. அடுத்த வளவிலேயே வாழ்ந்த பிள்ளைகளைப் பற்றி மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட குறிப்பு இது. புலப்பெயர்வும் விமானமும் வருவதற்கு வெகுகாலம் முன்னரே, ‘பிள்ளைகள் பார்ப்பார்கள்’ என்ற நம்பிக்கைக்கு ஓர் எச்சரிக்கையும் கூடவே எழுதப்பட்டுவிட்டது.

அந்த எச்சரிக்கையை நம் முன்னோர் மறக்கவில்லை என்பதற்குச் சான்று நொத்தாரிசுமாரின் உறுதிகளில் இருக்கிறது. மகளுக்கு வீட்டையும் வளவையும் எழுதிக்கொடுக்கும்போது ‘சீவிய உரித்து’ வைத்து எழுதுவது நம்மவரிடையே வழக்கம். சொத்து மகளின் பெயருக்கு மாறிவிடும். ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் அதன் பயனை அனுபவிக்கவும் உரிமை அவர்களிடமே இருக்கும். அவர்களை எழும்பச் சொல்ல மருமகனுக்கு அதிகாரமில்லை. மகளின் வீட்டில் பெற்றோரின் முதுமை கழிவதும், அந்த வீடு சீதனமாகப் போவதும், உறுதியில் சீவிய உரித்து என்ற வாசகம் ஏறுவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பாசம் இருக்கவே செய்தது. அதற்குக் காவலாக ஒரு கடதாசியும் இருந்தது.

தெற்கிலும் இதே கவலை வேறு வடிவில் இருந்தது. கண்டியச் சட்டத்தில், ஒருவர் தான் வழங்கிய நன்கொடையைப் பொதுவாக மீளப்பெற முடியும். தன்னைப் பராமரிப்பார் என்று நம்பிக் காணியைக் கொடுத்த முதியவருக்கு அது ஒரு பிடியாக இருந்தது. நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில் அவ்வளவு இலகு இல்லை. பாரதூரமான நன்றிகேட்டை நீதிமன்றத்தில் நிரூபித்தால் மட்டுமே மீளப்பெற முடியாத நன்கொடையை இரத்துச்செய்யலாம். அந்த வழக்கு நடைமுறைக்கென்றே 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. எழுதிக்கொடுத்துவிட்டு ஏமாந்தவர்கள் நம் காலத்திலும் நீதிமன்றப் படியேறுகிறார்கள் என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி.

இனி ‘வெள்ளைக்காரன்’ என்ன செய்தான் என்று பார்ப்போம். மத்தியகால இங்கிலாந்தில் வசதியுள்ள ஒருவர் ஒரு மடாலயத்துக்குப் பணமோ காணியோ கொடுத்து, அதற்கு ஈடாக ஆயுள் முழுவதும் உணவும் உறையுளும் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. ஜேர்மனி, ஒஸ்திரியா போன்ற நாடுகளின் கமக்காரர்கள் மகனிடம் தோட்டத்தை ஒப்படைக்கும்போது, தமக்கு எந்த அறை, வருடத்துக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு விறகு, எந்தப் பசுவின் பால் என்பதையெல்லாம் பத்திரத்தில் எழுதிவைத்தார்கள். நமது சீவிய உரித்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம். சொல்லப்போனால் நம்முடையதைவிட விபரமானது. நம் உறுதியில் வீடு மட்டுமே இருக்கும். அவர்களுடையதில் சாப்பாடும் விறகும் இருந்தன.

கொடுப்பதற்குக் காணியோ பணமோ இல்லாத முதியவருக்கு என்ன வழி? இங்கிலாந்தின் 1601ஆம் ஆண்டு வறியோர் சட்டம் அந்தப் பொறுப்பை உள்ளூர்ப் பங்குகளிடம் கொடுத்தது. அந்தச் சட்டமே, இயலுமான பிள்ளைகள் வறிய பெற்றோரைத் தாங்க வேண்டும் என்ற கடமையையும் விதித்தது. பெற்றோரைப் பார்க்கும்படி சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது அங்கும்தான். 1834ஆம் ஆண்டின் திருத்தம் நிலைமையைக் கடுமையாக்கியது. உதவி வேண்டுமென்றால் வறியோர் தொழிலகத்துக்குள் போக வேண்டும். வெளியே உழைத்து வாழும் மிக வறியவனின் நிலையைவிட உள்ளே இருப்பவனின் நிலை தாழ்ந்ததாக இருக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. சோம்பேறிகளை விரட்டுவதற்காக வகுக்கப்பட்ட அந்த ஏற்பாட்டில், காலப்போக்கில் வேறு போக்கிடமில்லாத கிழவர்களும் கிழவிகளும் நிறைந்துபோனார்கள். கணவனும் மனைவியும் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்பட்டார்கள். 60 வயதைக் கடந்த தம்பதியரைக் கட்டாயமாகப் பிரிக்கலாகாது என்று 1847இல் விதி வந்தபோதிலும், அவர்களுக்கென அறை ஒதுக்கிய இடங்கள் குறைவு. ‘இல்லம்’ என்றாலே கைவிடப்பட்டவர்களின் இடம் என்ற எண்ணம் அங்கு வேரூன்றியது அந்தக் காலத்தில்தான்.

அந்தச் சட்டத்தின் நிழல் இலங்கையிலும் விழுந்தது. 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் வறியவர்களுக்கான நிவாரணத்தைப் பெருநகர உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பாக்கியது. அதற்கும் முன்னரே சமயத் தொண்டர்கள் வந்துவிட்டார்கள். பிரான்சின் பிரித்தனிப் பகுதியில் ஜான் ஜுகான் என்ற பணிப்பெண் 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலைக் கொடுத்தார். அதிலிருந்து உருவான ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபை அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கொழும்புக்கும் வந்து முதியோர் இல்லம் நடத்தியது. இனமத பேதமில்லாமல் முதியவர்களை ஏற்றுக்கொண்டு, அவர்களுக்கான உணவை வீடுவீடாக, கடைகடையாக யாசித்துப் பெறுவது அச்சபையின் வழக்கம்.

பராமரிப்பின் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது ஓய்வூதியம். ஜேர்மனியில் பிஸ்மார்க் 1889இல் முதுமைக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரித்தானியா 1908இல் சட்டமியற்றி, 1909 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 70 வயதைக் கடந்த வறியவர்களுக்கு வாரம் 5 சிலிங் வரை கொடுத்தது. தொகை சிறியது. ஆனாலும் மகளின் வீட்டில் வெறுங்கையோடு இருப்பதற்கும், தன் பங்கைக் கொடுத்துக்கொண்டு இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இதனை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைபார்த்துத் திரும்பிய பென்சன்காரர்கள் ஊரில் எவ்வளவு மதிப்போடு வாழ்ந்தார்கள் என்பதை முந்திய தலைமுறை கண்டிருக்கிறது. மாதா மாதம் வந்த அந்தப் பணம் அவர்களைப் பாரமாகாமல் காத்தது. ஆனால் அரசாங்க ஊழியருக்கு ஓய்வூதியமும், 1958இன் சட்டத்துக்குப் பின்னர் தனியார் துறையினருக்கு ஊழியர் சேமலாப நிதியும் கிடைத்த இந்நாட்டில், கமக்காரர், கடற்றொழிலாளர், கூலித் தொழிலாளர் ஆகியோரின் முதுமை நீண்டகாலம் பிள்ளைகளின் கைகளிலேயே இருந்தது. விவசாயிகளுக்கான ஓய்வூதியத் திட்டம் 1987இலும் கடற்றொழிலாளருக்கானது 1990இலும்தான் சட்டமாயின.

பணம் ஒரு பாதி. மற்றப் பாதி உடம்பு. படுக்கையில் விழுந்த முதியவர் இனி எழுந்திருக்க மாட்டார் என்பது உலகெங்கும் இருந்த நம்பிக்கை. அதனை உடைத்தவர் மார்ஜரி வொரன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1935இல் அவர் பணியாற்றிய மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலை, அருகிலிருந்த வறியோர் தொழிலகத்தின் நோயாளர் விடுதியைப் பொறுப்பேற்றது. அங்கு 714 பேர் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் வயோதிபர். பல ஆண்டுகளாக எவரும் அவர்களைச் சரியாகப் பரிசோதித்திருக்கவில்லை. வொரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். நோயை வகைப்படுத்தினார். கட்டில்களின் உயரத்தை மாற்றினார், சுவருக்கு வர்ணம் பூசினார், நடக்கப் பழக்கினார். படுக்கையே கதியென்று கிடந்தவர்களில் கணிசமானோர் எழுந்து நடந்தார்கள். பலர் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் என்ற துறை பிரித்தானியாவில் வேரூன்றியது அங்குதான்.

நம் வீடுகளில் இந்தப் பாடம் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த தாயை ‘வயது போய்விட்டது, இனி என்ன செய்வது’ என்று கட்டிலோடு விட்டுவிடுவது இன்றும் நடக்கிறது. இயன்மருத்துவம், பிடித்து நடக்க ஒரு சட்டகம், மலசலகூடத்தில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை ஆகியவை ஒருவரைப் பல ஆண்டுகள் தன் காலில் நிற்க வைக்கும். நீண்டகாலப் பராமரிப்பின் முதற்படி, அதற்கான தேவையைத் தள்ளிப்போடுவதே.

பிரித்தானியாவில் 1948இன் தேசிய உதவிச் சட்டம் வறியோர் சட்டத்துக்கு முடிவு கட்டியது. தொழிலகங்களுக்குப் பதிலாகச் சிறிய, வீடு போன்ற இல்லங்கள் வரும் என்று சொல்லப்பட்டது. சமூகவியலாளர் பீற்றர் டவுன்சென்ட் நாடெங்கும் 173 நிறுவனங்களைச் சென்று பார்த்து 1962இல் ஒரு நூல் வெளியிட்டார். பெயர்ப்பலகை மாறியிருந்தாலும் பழைய தொழிலகக் கட்டடங்களிலேயே பெருந்தொகையான முதியவர்கள் வாழ்ந்துகொண்டிருந்ததை அது காட்டியது. முதியவர்களை இயன்றவரை சொந்த வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க வேண்டும் என்ற கருத்து ஐரோப்பாவில் வலுப்பெற அத்தகைய ஆய்வுகள் காரணமாயின. டென்மார்க் 1980களின் இறுதியில் பழைய பாணி முதியோர் மனைகளைப் புதிதாகக் கட்டுவதையே சட்டத்தினால் நிறுத்தியது. வெள்ளைக்காரன் பெற்றோரை இல்லத்தில் தள்ளுகிறான் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே வீட்டுக்குத் தாதியை அனுப்பும் ஏற்பாடுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஏற்பாடுகளுக்குச் செலவு யாருடையது? இதற்கு விடையாக வந்ததே பராமரிப்புக் காப்புறுதி. நெதர்லாந்து 1968இல் வழி காட்டியது. ஜேர்மனியில் 1995இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. உழைக்கும் காலத்தில் ஒவ்வொருவரும் பங்கு செலுத்துவர். பின்னர் இயலாமை வந்தால், அதன் படிநிலையைப் பொறுத்து வீட்டுக்குப் பராமரிப்பாளரை வரவழைக்கலாம், அல்லது பராமரிக்கும் உறவினருக்குக் கொடுப்பதற்குப் பணமாகப் பெறலாம், அல்லது மனையில் சேரலாம். தாயைப் பார்க்கும் மகளின் உழைப்புக்கு விலை உண்டு என்று ஓர் அரசு எழுத்தில் ஏற்றுக்கொண்டது இதில் முக்கியமானது.

ஜப்பானின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மூத்த மகனின் வீட்டில் பெற்றோர் வாழ்வதும், மருமகள் அவர்களைப் பராமரிப்பதும் அங்கு மரபு. 1973இல் முதியோருக்கு மருத்துவம் இலவசமாக்கப்பட்டபோது, வீட்டில் பார்க்க ஆளில்லாத முதியவர்கள் நோய் மாறிய பின்னரும் மாதக்கணக்கில் வைத்தியசாலைகளிலேயே தங்கத் தொடங்கினர். மருமகளின் முதுகில் இருந்த சுமை வைத்தியசாலையின் முதுகுக்கு மாறியதே தவிர, தீரவில்லை. நீண்ட விவாதத்தின் பின்னர் 2000 ஏப்ரல் முதலாம் திகதி பராமரிப்புக் காப்புறுதி தொடங்கியது. 40 வயதிலிருந்து எல்லோரும் பணம் கட்டுகிறார்கள். செலவில் பாதி அந்தச் சந்தா, பாதி வரிப்பணம். 65 வயதுக்கு மேற்பட்டவருக்குத் தேவை ஏற்படும்போது உள்ளூராட்சி மன்றம் அவரது நிலையை ஏழு படிகளில் ஒன்றாகக் கணிக்கும். ஒரு பராமரிப்பு முகாமையாளர் திட்டம் வகுப்பார். பகல்நேர நிலையம், வீட்டுக்கு வரும் உதவியாளர், சில நாள் தங்கல், மனை ஆகிய எதனையும் தேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலானவர்கள் செலவில் பத்திலொரு பங்கையும் வருமானம் கூடியவர்கள் அதைவிட அதிகமாகவும் கொடுக்கிறார்கள்.

அதே 2000ஆம் ஆண்டில் இலங்கையில் இரண்டு விடயங்கள் நடந்தன. பாராளுமன்றம் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தென்மராட்சியில் சண்டை மூண்டு, கைதடியில் இருந்த அரச முதியோர் இல்லத்தவர்கள் அதன் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். ஓடக்கூடியவர்கள் ஓடிவிட்ட ஊர்களில் ஓட முடியாதவர்கள் என்ன ஆனார்கள் என்பது 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலும் நாம் கண்ட கதைதான். ஓர் அரசு முதியவர்களின் உரிமைகளைச் சட்டமாக எழுதிய அதே ஆண்டில், அந்நாட்டின் வடக்கில் முதியவர்களுக்கு உயிர்தப்பும் உரிமையே உறுதியாக இருக்கவில்லை என்பதை வரலாறு குறித்துவைக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தின் உள்ளடக்கத்தையும் அறிந்திருப்பது நல்லது. 60 வயதைக் கடந்தவரை அது முதியவர் என்கிறது. முதியோருக்கான தேசிய சபையும் செயலகமும் அதன்படி அமைந்தன. பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது, அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அது விதிக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கேட்டு அதற்கென அமைக்கப்பட்ட சபையிடம் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளற்ற ஆதரவற்றோருக்கு வதிவிடம் அளிப்பது அரசின் பொறுப்பு. இந்தியாவில் இத்தகைய சட்டம் 2007இலும், சிங்கப்பூரில் 1995இலும் வந்தன. ஆனால் ஜப்பானியச் சட்டத்துக்கும் நமது சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நமது சட்டம் கடமையைச் சொல்கிறது. அவர்களுடையது அந்தக் கடமையைச் செய்ய ஆளையும் பணத்தையும் ஏற்பாடு செய்கிறது. மேலும் ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் யாழ்ப்பாணத்துச் சபையொன்றின் ஆணையை நிறைவேற்றுவது எப்படி என்பது வேறு கேள்வி.

இலங்கையின் சனத்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 1981இல் 6.6 வீதமாக இருந்தனர். 2012 கணக்கெடுப்பில் அது 12.4 வீதமாயிற்று. பதினைந்து பேரில் ஒருவர் என்றிருந்தது எட்டுப் பேரில் ஒருவர் என்றாகிவிட்டது. அதன் பின்னரும் அந்த வீதம் ஏறிக்கொண்டே போகிறது. போரும் புலப்பெயர்வும் இளையவர்களைக் கொண்டுபோன வடக்கில், முதியவர் தனித்திருக்கும் வீடுகளை ஒவ்வொரு ஒழுங்கையிலும் காணலாம்.

இன்று அவர்களுக்கு முன்னே இருக்கும் வழிகள் எவை? சொந்த வீட்டில் உறவினரின் துணையோடு இருப்பது முதல் வழி. பெரும்பாலும் அது ஒரு மகளின் அல்லது மருமகளின் முழுநேர வேலையாகிவிடுகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்புகிறார்கள். ஊரில் இருப்பவர் இரவு பகல் பார்க்கிறார். அனுப்பிய பணத்துக்குக் கணக்கு உண்டு. விழித்த இரவுகளுக்குக் கணக்கு இல்லை. சகோதரங்களிடையே வரும் மனக்கசப்புகளுக்குப் பெரும்பாலும் இதுவே மூலம்.

சம்பளத்துக்கு ஆள் வைப்பது இரண்டாவது வழி. பத்திரிகைகளில் ‘வயோதிபத் தாயாரைப் பராமரிக்க ஆள் தேவை’ என்ற விளம்பரங்கள் பெருகிவிட்டன. வருபவர் பெரும்பாலும் இன்னொரு வறிய குடும்பத்தின் பெண். அவருக்கு ஓய்வு நாள் உண்டா, பாரம் தூக்கும் முறை தெரியுமா, இரவில் அவசரம் என்றால் யாரை அழைப்பது என்பவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ளாத வீட்டில் அந்த ஏற்பாடு நீண்டநாள் நிலைக்காது. முதியோர் செயலகமும், 1986 முதல் இயங்கும் ஹெல்பேஜ் சிறிலங்கா நிறுவனமும் வீட்டுப் பராமரிப்புக்குப் பயிற்சி அளித்து வந்திருக்கின்றன. பயிற்சி பெற்ற ஒருவரைத் தேடுவது செலவானாலும் பயனுள்ளது.

பகல்நேர நிலையம் மூன்றாவது வழி. கிராமங்களில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. தனிமையே பெரிய நோயாக இருப்பவருக்கு, காலையில் போய் மாலையில் திரும்பும் ஓர் இடம் பல மருந்துகளுக்கு ஈடாகும். நான்காவது வழி முதியோர் இல்லம். இங்குதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பல இல்லங்கள் தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடியவரையே சேர்த்துக்கொள்ளும். படுக்கையில் விழுந்தவரையோ நினைவு மறதி முற்றியவரையோ பார்க்க அங்கே ஆட்கள் இருக்கமாட்டார்கள். அத்தகையவருக்குத் தேவைப்படுவது தாதியர் இருக்கும் மனை. அது எண்ணிக்கையில் குறைவு, செலவில் அதிகம். ஆகவே ஓர் இல்லத்தைப் பார்க்கப் போகும்போது, கட்டடத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன்னர் ‘இவர் நடக்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். இரவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், பதிவுபெற்ற இல்லமா, சொன்ன நேரத்தில் அல்லாமல் வேறு நேரத்திலும் வந்து பார்க்கலாமா என்பவை அடுத்த கேள்விகள்.

பிள்ளைகளோடு போய் வெளிநாட்டில் இருப்பது இன்னொரு வழி. அதற்கும் ஒரு முகம் உண்டு. 2020இல் கோவிட் பெருந்தொற்றின் முதல் அலையின்போது கனடாவில் இறந்தவர்களில் 80 வீதத்துக்கும் அதிகமானோர் நீண்டகாலப் பராமரிப்பு மனைகளையும் ஓய்வு மனைகளையும் சேர்ந்தவர்கள். ஒன்ராறியோவில் ஐந்து மனைகளுக்கு உதவிக்குச் சென்ற இராணுவத்தினர் அங்கு கண்டதை அறிக்கையாக எழுதியபோது நாடே அதிர்ந்தது. செல்வந்த நாடு என்பது தானாகவே நல்ல பராமரிப்பு ஆகிவிடாது. இங்கிலாந்தில் 23,250 பவுண்களுக்கு மேல் சொத்து இருந்தால் பராமரிப்புச் செலவைத் தாமே ஏற்க வேண்டும் என்ற எல்லை 2010இல் வைக்கப்பட்டு நெடுங்காலம் உயர்த்தப்படாமலே இருந்தது. மனையில் நிரந்தரமாகச் சேருபவருக்கு, துணைவர் அங்கு வாழாதபட்சத்தில், சொந்த வீடும் பொதுவாக அந்தக் கணக்கில் வரும். வாழ்நாளில் ஒருவர் கொடுக்க வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு வைக்கும் திட்டமும் 2024 ஜூலையில் கைவிடப்பட்டது. லண்டனில் வீடு வாங்கிய நம்மவரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இன்னொன்று மொழி. நினைவு மறதி நோய் வரும்போது பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவுவதுண்டு. முப்பது ஆண்டுகள் ஆங்கிலமோ ஜேர்மன் மொழியோ பேசியவரும் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்கத் தொடங்குவார். அதனை விளங்கிக்கொள்ளும் ஒருவர் பக்கத்தில் இருப்பது மருந்துக்கு நிகரான தேவை. முதலில் புலம்பெயர்ந்த தலைமுறை இப்போது அந்த வயதை எட்டிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் வைத்துப் பார்ப்பதா, இல்லத்தில் விடுவதா என்று மானப்பிரச்சினையாக இதனை வாதிடுவதில் பயனில்லை. வீட்டில் இருந்தும் புறக்கணிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இல்லத்தில் இருந்து மனநிறைவோடு கண்ணை மூடியவர்களும் இருக்கிறார்கள். தேசவழமைக் காலத்திலிருந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பொறுப்பு யாருடையது, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

நம் முன்னோரின் சீவிய உரித்து வீட்டைக் காத்தது. அவர்கள் காலத்தில் வீடு இருந்தால் அதற்குள் ஆட்களும் இருந்தார்கள். இப்போது வீடு இருக்கிறது, உரித்தும் இருக்கிறது, ஆட்கள் இல்லை. ஆகவே அந்த உடன்படிக்கையை நீட்டி எழுத வேண்டிய காலம் இது. நடக்க இயலாமல் போனால் எங்கே இருக்க விருப்பம், யார் பக்கத்தில் இருப்பது, மாதச் செலவில் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பங்கு, பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு எவ்வளவு கொடுப்பது, ஆண்டில் எத்தனை கிழமை அவருக்கு ஓய்வு கொடுத்து மற்றவர் வந்து நிற்பது, குணமாகாத நோய் என்றால் எந்த அளவுக்கு மருத்துவம் செய்வது என்பவற்றைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பேசி எழுதிக்கொள்ளலாம். சட்டவலு இல்லாத வெறும் கடதாசியாக இருந்தாலும் பரவாயில்லை. பெற்றோர் தெளிவாகப் பேசக்கூடிய காலத்திலேயே அதைச் செய்ய வேண்டும். பக்கவாதம் வந்து பேச்சு நின்ற பிறகு, அவர் என்ன விரும்பினார் என்று ஆளுக்கொரு கதை சொல்லிச் சண்டையிடுவதுதான் மிஞ்சும்.

பெற்றோரிடம் இதைக் கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். சாவைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றும். ஆகவே பேச்சைப் பெற்றோரே தொடங்குவது நல்லது. உறுதி எழுதப் போகும்போது சீவிய உரித்தை மறக்காமல் கேட்டு வைத்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். வீட்டுக்காக அன்று வெட்கப்படாமல் கேட்ட கேள்வியை இன்று நம் உடம்புக்காகவும் கேட்கலாம்.